சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? எந்த மாதத்தில்?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைத் தபால்காரர் நூலால் கட்டிக் கொண்டுவந்து போட்டார். பாதிப் பேர் விளக்கம் கேட்கிறார்கள். மீதிப் பேர், ஓய்வுபெற்ற பிறகு எனக்கு மூளை குழம்பிவிட்டதா என்று மரியாதையாக விசாரிக்கிறார்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1979 முதல் 2015 வரை மீனம்பாக்கத்தில் டிஸ்பாட்சராக இருந்தவன் நான். விமானம் கிளம்புமுன் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தாளில் விமானியிடம் கையெழுத்து வாங்குகிற வேலை. பயணிகள் கண்ணில் நாங்கள் படுவதே இல்லை. இந்த மாதம் முழுக்கத் தூரமும் நேரமும்தான்.

ஐயா, என் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். ஜூலையில் திருச்சியிலிருந்து போய்வந்தேன். போகும்போது ஆன நேரத்தைவிட வரும்போது அரைமணிக்கு மேல் குறைவாக ஆனது. பூமி சுற்றுவதுதான் காரணம் என்கிறார் என் மைத்துனர். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் எதிர்த்துப் பேச முடியவில்லை.
— விவசாயி, ஆலங்குடி

உங்களுக்காக நான் எதிர்த்துப் பேசுகிறேன். பூமி சுற்றும்போது காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டுதான் சுற்றுகிறது. அப்படி இழுக்கவில்லை என்றால், மலைக்கோட்டைக்கு மேலே ஹெலிகாப்டரில் ஏறி இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் போதும், கீழே சோமாலியா வந்து நிற்கும். டிக்கெட் செலவே இல்லை. மைத்துனரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காரணம் காற்று. பஸ் தரையைப் பிடித்து ஓடுகிறது, விமானம் காற்றைப் பிடித்து ஓடுகிறது. அந்தக் காற்று சும்மா நிற்பதில்லை. காவிரியில் தண்ணீர் போகும்போது பரிசல் ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனாலும் கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன், பழைய பழக்கம். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். நாங்கள் கடல்மைலில்தான் பேசுவோம்: 1,610. விமானம் காற்றுக்குள் மணிக்கு 450 கடல்மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத நாளில் 3 மணி 35 நிமிடம். எதிரே 40 கடல்மைல் வேகத்தில் காற்று அடித்தால் தரையைக் கடக்கும் வேகம் 410 ஆகிவிடும், 3 மணி 56 நிமிடம் பிடிக்கும். அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 490, 3 மணி 17 நிமிடம். வித்தியாசம் 39 நிமிடம். நீங்கள் எழுதியிருப்பது சரிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதிர்க்காற்று 21 நிமிடத்தைத் தின்றது, தள்ளுகாற்று 18 நிமிடத்தைத்தான் திருப்பிக் கொடுத்தது. போகவரப் பார்த்தால் மூன்று நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள்ளேயே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது. காற்று கடனை ஒருபோதும் முழுதாகத் திருப்புவதில்லை என்று என் மூத்த அதிகாரி ஒருவர் சொல்வார். அவரிடம் கடன் வாங்கியவர்கள் அலுவலகத்தில் நிறைய.

எரிபொருளுக்குத் தெரிவது இந்தக் காற்றுக்குள் ஓடிய தூரம்தான். மேலே சொன்ன கணக்கில் நீங்கள் போகும்போது விமானம் காற்றுக்குள் ஓடியது 3,270 கிலோமீட்டர், வரும்போது 2,740. தரையில் அதே திருச்சி, அதே சிங்கப்பூர். எந்த மாதம் என்று நான் கேட்டதற்கு இதுதான் காரணம்.

ஜூலை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று. ஆனி, ஆடியில் உங்கள் வயலில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. அது கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிட வேண்டாமா? கீழே அப்படித்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அதே நாளில் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. கீழே கோடை என்னும் மேல்காற்று, மேலே கொண்டல் என்னும் கிழக்குக் காற்று. வெயில் காலத்தில் திபெத் பீடபூமி காய்ந்து, அதற்கு மேல் வானத்தில் பெரிய உயர் அழுத்தம் ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. அதன் தெற்கு ஓரமாக, நம் தலைக்கு மேலே, இந்தக் காற்றாறு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடும். 1950-களில் இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் நம் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டேஸ்வரம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே, பதினான்கு பதினாறு கிலோமீட்டர் உயரத்தில்தான். அதன் ஓரம் பட்டதற்கே உங்களுக்கு அரைமணி.

கடைசியாக ஒரு வம்பு. திருச்சி தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கிட்டே என்று உங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். சென்னை இன்னும் கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர்தான், திருச்சியைவிட 60 குறைவு. ஆலங்குடியிலிருந்து சென்னைக்கு வரும் பஸ்ஸையும் சேர்த்தால் உங்கள் முடிவுதான் சரி.

சென்னைக்குக் கிட்டே இருப்பது துபாயா, சிங்கப்பூரா? கடையில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.
— செல்பேசிக் கடைக்காரர், மண்ணடி

பந்தயப் பணத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துபாய் ஏறத்தாழ 2,930, சிங்கப்பூர் 2,920. மீனம்பாக்கத்தில் கவராயத்தின் முள்ளைக் குத்தி வட்டம் போட்டால் இரண்டு ஊரும் ஒரே வட்டத்தில் விழும். நேரத்துக்குப் பந்தயம் கட்டியிருந்தால் மாதத்தைக் கேட்க வேண்டும். மார்கழி, தையில் துபாய் போகிறவர் அரபு நாட்டுப் பக்கம் பலமான மேல்காற்றை நெஞ்சில் வாங்குவார். ஆடியில் போகிறவரை மேலே சொன்ன கொண்டல் தள்ளிவிடும்.

சென்னையிலிருந்து மதுரை விமானம் 25 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. "இன்னும் 50 நிமிடத்தில் மதுரை" என்றார் விமானி. டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று இருக்கிறது. இறங்கியதும் "குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தோம்" என்று பெருமையாக அறிவிக்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறார்கள்?
— வங்கிக் காசாளர், மதுரை

காசாளர் கண்ணுக்குத் தப்புமா? ஏமாற்று என்று முழுதாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் உண்டு.

முதலில் நியாயமான பகுதி. விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து மதுரையில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம்வரைதான் டிக்கெட்டில் போடும் நேரம். விமானி சொன்ன 50 நிமிடம் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை. நடுவில் இருப்பது ஊர்தல். காலை ஆறரைக்கு மீனம்பாக்கத்தில் ஓடுபாதை முனையில் ஆறாவது ஆளாக வரிசையில் நின்றால் அதற்கே கால்மணி போய்விடும்.

அடுத்து ஓடுபாதை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாடைக்காலத்தில் மீனம்பாக்கத்திலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்து ஏறுவார்கள். மேல்காற்றுக் காலத்தில் மேற்கே, பம்மல் பக்கமாக. திரும்பிவரும்போது இதன் விளைவு இன்னும் அதிகம். தெற்கிலிருந்து வருகிற விமானம் கிண்டிப் பக்கமிருந்து இறங்க வேண்டிய நாளில் கடல்வரை போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். என் வீடு பம்மலில். மொட்டைமாடியில் வடாம் காயப்போடப் போகும் என் மனைவி, விமானம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே காற்று மாறிவிட்டதைச் சொல்லிவிடுவாள். வடாம் பறக்காமல் இருக்க எந்தப் பக்கம் கல் வைக்க வேண்டும் என்பது அவள் கவலை.

சென்னை–மதுரை நேர்க்கோட்டில் 420 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதி ஏறுவதும் பாதி இறங்குவதுமாகவே போய்விடும், முழு வேகத்தில் நிம்மதியாகப் போகிற நேரம் மிகக் கொஞ்சம். அதனால்தான் குறுகிய பயணத்தில் தூரத்தை வேகத்தால் வகுத்தால் விடை எப்போதும் பொய்யாக வரும்.

இனி அந்தக் கொஞ்சம் ஏமாற்று. அறிவித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் "குறித்த நேரம்" என்று கணக்கில் எழுதலாம். எனவே கால அட்டவணை போடுகிறவர்கள் நிஜமாக ஆகும் நேரத்தோடு பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் சேர்த்துவிடுவார்கள். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு ரயில் அட்டவணையில் எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அதே வித்தைதான். அட்டவணைக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். "இன்னொரு ஐந்து போடுங்கள்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். உங்கள் 25 நிமிடத் தாமதம் அந்தப் பையில்தான் மறைந்தது.

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சோழகக் காற்றுக் காலத்தில் பயண நேரம் கூடுமா?
— இளைப்பாறிய ஆசிரியை, கொக்குவில்

வணக்கம் அம்மா. உங்கள் கேள்விக்குப் பள்ளிக்கூட அட்லஸ் போதும். மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் இளைப்பாறிவிட்டீர்களே என்று எனக்கு வருத்தம்.

சென்னை விமான நிலையம் வட அகலக்கோடு 12 பாகை 59 கலை. பலாலி 9 பாகை 47 கலை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெடுங்கோட்டில், 80 பாகையை ஒட்டி இருக்கின்றன. அதாவது பலாலி மீனம்பாக்கத்துக்கு நேர் தெற்கு. கழித்துப் பாருங்கள்: 3 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆக 192 கலை. கடல்மைல் என்ற அளவே அகலக்கோட்டின் ஒரு கலைதான். எனவே 192 கடல்மைல். 1.852-ஆல் பெருக்கினால் 355 கிலோமீட்டரும் சில்லறையும். மாலுமிகளும் நாங்களும் கிலோமீட்டருக்கு மாறாமல் அடம்பிடிப்பது இந்த வசதிக்காகத்தான்.

2019 நவம்பரில் தொடங்கியபோது இந்த வழியில் பறந்தது இரண்டு விசிறி கொண்ட ஏடிஆர் விமானம். அது மணிக்கு 275 கடல்மைல் அளவில் போகும். 192-க்கு 42 நிமிடம். ஏற்றம், இறக்கம், ஊர்தல் எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணிக்குக் குறையாது. ஜெட் விமானம் விட்டாலும் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஓடி வேகம் எடுப்பதற்குள் பலாலி வந்துவிடும்.

சோழகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, பற்றி. உங்கள் பாதை வடக்குத் தெற்கு, மேலே காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. விமானம் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நண்டு மாதிரிப் போகும், நேரம் பெரிதாக மாறாது. போகிற நேரமும் வருகிற நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் அபூர்வமான வழிகளில் இதுவும் ஒன்று.

உங்கள் பெற்றோர் காலத்துச் செய்தி ஒன்று. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. டக்கோட்டா என்ற அந்தக் காலத்து விசிறி விமானம். அதன் வேகத்துக்கு இந்த 192 கடல்மைலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆக 2019-இல், இத்தனை ஆண்டுகள் கழித்து, ஏடிஆர் நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது அரைமணி. இடையில் பல பத்தாண்டுகள் வழியே மூடிக்கிடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தாத்தா, அட்லஸில் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். விமானம் அந்தக் கோட்டில் போவதில்லையாமே, வடக்கே வளைந்து போகுமாமே, ஏன்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

உன் அடிமட்டத்தில் தவறில்லை கண்ணு, அட்லஸில்தான். உருண்டையை உரித்துத் தாளில் ஒட்டினால் வடக்கும் தெற்கும் இழுபட்டுப் போகும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்துக்கொள். ஒரு தையல்நூலின் ஒரு முனையைத் தில்லியில் வை, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வை, இறுக்கி இழு. நூல் வழுக்கிக்கொண்டு ஏறக்குறைய வட துருவத்துக்கே போய்விடும். அதுதான் குறுகிய வழி, ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். இணையத்தில் "இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம்" என்று தட்டினால் வருவது அந்த நூலின் நீளம்தான்.

அந்த நூல் மேலேயே விமானம் போகுமா என்றால், அதுவும் போகாது. இங்கேதான் எனக்குப் பிடித்த கதை வருகிறது. ஏர் இந்தியாவின் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் மேற்கே, அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனால் காற்று எதிரே. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி, பசிபிக்கின் மேலே அனுப்பினார்கள். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடிவிட்டது. 15,000 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்தார்கள். ஆனால் ஜப்பானுக்கு மேலே ஓடும் மேலைக் காற்றாறு முதுகில் தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பழைய வழியைவிட விரைவாக. அதிக தூரம், குறைந்த நேரம், குறைந்த எரிபொருள். அப்போது நான் ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. செய்தியைப் படித்துவிட்டு, அந்தத் தாளைத் தயாரித்த டிஸ்பாட்சர் மேல் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் காற்றாற்றை 1920-களில் ஜப்பானின் டட்டேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன் விட்டு அளந்தவர் வசபுரோ ஓய்ஷி. உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கிய எஸ்பெராண்டோவில் எழுதினார். அதனாலேயே வெளியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. உன் ஆங்கில ஆசிரியரிடம் இதைச் சொல்லாதே.

என் தந்தையும் தபால் துறை. "மெட்ராஸில் போட்ட கடிதம் நாக்பூர் போய்த்தான் கல்கத்தா போகும், ஆனாலும் மறுநாளே கிடைத்துவிடும்" என்பார். எதற்கு இந்தச் சுற்று?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தேவகோட்டை

அவர் சொன்னது இரவு விமானத் தபால். 1949 ஜனவரி 30-இல் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் இரவில் ஆளுக்கொரு டக்கோட்டா கிளம்பும். நள்ளிரவில் நாக்பூரில் நான்கும் சந்திக்கும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு, அவரவர் ஊருக்கு விடிவதற்குள் திரும்பிவிடும். சென்னை–கல்கத்தா நேராக ஏறத்தாழ 1,385 கிலோமீட்டர். நாக்பூர் வழியாக 1,890. கடிதம் 500 கிலோமீட்டர் அதிகம் போயிற்று, ஆனால் நான்கே விமானத்தில் ஆறு ஜோடி ஊர்களுக்கும் தபால் மறுநாள் காலை கிடைத்தது. கடிதத்துக்கு என்ன, பகலில் தபால் பெட்டியில் தூங்கிவிட்டு இரவில் பயணம் செய்கிறது. அப்பா நாக்பூர் போய்ப் பார்த்திருக்கிறாரா? நள்ளிரவு நாக்பூர் விமான நிலையத்தின் வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்று சிறு வயதில் எனக்கு ஆசை. நான் வேலைக்குச் சேர்வதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

அந்தமானில் சூரியன் சீக்கிரம் உதிக்கிறது, ஆனால் கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்கிறார்களே?
— புதுமணப்பெண், வேலூர்

வேண்டாம். போர்ட் பிளேர் சென்னைக்குக் கிழக்கே 1,370 கிலோமீட்டர், பயணம் இரண்டேகால் மணி. வானத்துக் கணக்கில் சூரியன் அங்கே 50 நிமிடம் முந்தி வருகிறது. கடிகாரம் மட்டும் இந்திய நேரம். ஐந்தரைக்கு எழுந்து சூரிய உதயம் பார்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள், பெரும்பாலான மாதங்களில் அதற்குள் முடிந்துவிட்டிருக்கும்.

தில்லியிலிருந்து அமெரிக்கா போன என் பேத்தியின் விமானம் வழியில் வியன்னாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டதாம். வண்டியில் ஏதாவது பழுதா? பயமாக இருக்கிறது.
— பாட்டி, கும்பகோணம்

பழுதில்லை அம்மா, பயப்பட வேண்டாம். வழியில் ஒரு நாட்டின் வானம் மூடியிருந்தது, அவ்வளவுதான். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே போக அதுதான் நேர் வாசல். அது மூடினால் குஜராத் பக்கமாகத் தெற்கே இறங்கி, அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுக்கான எரிபொருளும் ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து ஒரே மூச்சில் தூக்க முடியாதபோது நடுவில் எங்காவது இறங்கிப் போட்டுக்கொள்வார்கள். 2019-இலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை இதே கதை. பின்லாந்தைக் கேட்டால் இன்னும் அழுவார்கள். 2022-இல் ரஷ்யா வானத்தை மூடியதும், ஒன்பதரை மணியில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணியானது.

மனிதர்கள் மூடாமலேயே மூடிக்கிடக்கிற வானமும் உண்டு. தில்லியிலிருந்து பெய்ஜிங்குக்கு நூல் பிடித்தால் அது திபெத்தின் நடுவே போகும். பெரும்பாலும் யாரும் அப்படிப் போவதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே பத்தாயிரம் அடிக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் பயணிகளுக்கு ஆக்சிஜன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான். திபெத்திலோ தரையே சராசரியாகப் பதினாலாயிரம் அடிக்கு மேல். எங்கே இறங்குவது? அதனால் வங்காளதேசம், மியன்மார் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பேத்தி சுற்றிப் போனாள் என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலகிலேயே குறைந்த நேர விமானப் பயணம் எது?
— ஆட்டோ ஓட்டுநர், ஈரோடு

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே. 2.7 கிலோமீட்டர். அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று தள்ளிய ஒரு நாளில் 53 விநாடியில் முடித்திருக்கிறார்கள். உங்கள் ஆட்டோவுக்கு அது ஒரு சின்னச் சவாரி. நீளமானது சிங்கப்பூர்–நியூயார்க், ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல்.

எல்லோருக்கும் கணக்குச் சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது தவறியதுண்டா?
— பெயர் வேண்டாம், சென்னை 44

பெயர் போடாவிட்டாலும் கையெழுத்து எனக்குத் தெரியும், என் கூட வேலை பார்த்தவர் நீங்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

1982 ஜனவரி. சிங்கப்பூரில் என் அக்காளுக்குத் தலைப்பிரசவம். அம்மா கொடுத்தனுப்பிய பிரசவ லேகியம், ஆவக்காய் ஊறுகாய், பழைய வேட்டித் துணி ஒரு மூட்டை என்று எடுத்துக்கொண்டு, ஊழியர் டிக்கெட்டில் முதல்முறையாக வெளிநாடு புறப்பட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு, தலைக்கனத்துக்குக் குறைவில்லை. அத்தானுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டேன். "விமானம் மாலை 6.10-க்கு இறங்கும், சுங்கம் முடித்து 6.40-க்கு வாசலில் இருப்பேன், முன்னதாக வந்து காத்திருக்க வேண்டாம்" என்று. தை மாதக் காற்றை எல்லாம் கணக்கில் சேர்த்து, வட்டமான ஸ்லைடு ரூலைச் சுழற்றி, கிரீன்விச் நேரத்தில் விடை எடுத்து, அதோடு சிங்கப்பூருக்கு உரிய ஏழரை மணியைக் கூட்டி எழுதினேன்.

விமானம் நான் போட்ட கணக்குக்கு மூன்றே நிமிடம் பிந்தி இறங்கியது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தால் சாங்கியின் கடிகாரம் ஏழே கால் என்றது. சாங்கி திறந்து அப்போது ஏழு மாதம் ஆகவில்லை; புதுக் கடிகாரம், சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தான் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அரைநாள் விடுப்பு எடுத்து வந்தவர், அரைமணிக்கு மேலாக நிற்கிறார், முகம் கடுகடு என்று இருந்தது.

அந்த ஜனவரி முதல் தேதியிலிருந்து சிங்கப்பூர் தன் நேரத்தை அரைமணி முன்னே தள்ளி, கிரீன்விச்சோடு எட்டு மணி என்று மாற்றிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் அறிவிப்பு வந்து பலகையில் குத்தியிருந்தது. அதற்குக் கீழேதான் நான் தினமும் டீ குடித்தேன்.

அந்தப் பிரசவத்தில் பிறந்த மருமகளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. சிங்கப்பூர் புறப்படுமுன் நான் தொலைபேசியில் வந்துசேரும் நேரத்தைச் சொன்னால், அத்தான் இன்றைக்கும் கேட்பார்: "புது நேரமா, உன் நேரமா?"